பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

"இந்தக் கார்ல ரெண்டு பிரேக் இருக்கு சார்," என்றான் மெக்கானிக் யஹ்யா. "ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல. இன்னொண்ணு பக்கத்து சீட்டோட காலடியில."

சர்வீஸ் மேனேஜர் ஹத்தான் காவா என்கிற அரபுக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யஹ்யா நீட்டிய போட்டோவைப் பார்த்தான். அவன் முகத்தில் நிம்மதி பரவியது. கவுன்டரில் கையூன்றி நிற்கும் இந்த அம்மாளை இனி சுலபமாக அனுப்பிவிடலாம்.

"வெளி ஒர்க்‌ஷாப்ல பிரேக்ல கை வச்சிருக்கீங்க. கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் வேற. இப்படி வண்டியை இஷ்டத்துக்கு மாத்தினா வாரண்டி கிடையாதுக்கா. ஏ.சி. கம்ப்ரசருக்கு நீங்கதான் பணம் கட்டணும்."

அந்த அம்மாள், விஜ்தான், அசரவில்லை. கறுப்பு அபாயா அங்கிக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தாள்.

"நான் டிரைவிங் டீச்சர், தம்பி. பொம்பளைங்களுக்குக் கத்துத் தர்றேன். பக்கத்துல உக்காந்து வெறும் தரையை மிதிச்சா வண்டி நிக்குமா?"

யஹ்யா சிரித்துவிட்டான். ஹத்தான் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"விதின்னா விதிதான்," என்றான் ஹத்தான்.

"பிரேக்ல பழுதுன்னு வந்திருந்தா உங்க விதி நியாயம். என் காசுல சரி பண்ணிட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். செத்துப் போனது ஏ.சி. கால்ல கொலுசு போட்டதாலதான் பல்லு வலிக்குதுன்னு சொல்ற டாக்டரை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

ஹத்தான் பேச்சை மாற்றப் பார்த்தான். வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினான். திறந்திருந்த கதவுக்கு நேரே, நாலடி தள்ளி அந்த வெள்ளைக் கார் நின்றது. ஜித்தாவின் ஆகஸ்ட் வெயிலில் ஏ.சி. இல்லாத கார் அடுப்பில் ஏற்றிய சட்டிதான். மூன்று கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். கவுன்டரைப் பார்த்திருந்த டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் ஏறியே இருந்தது. கறுப்பு ஃபிலிமுக்குப் பின்னால் ஓர் உருவம் நிழலாகத் தெரிந்தது.

"உள்ளே யாரு?"

"என் மாணவி. ஓட்டிக்கிட்டு வந்ததே அவங்கதான். அந்தப் பெரிய சைக்கிள் சிலை ரவுண்டானாவை இன்னைக்கு அவங்களே சுத்தி வந்தாங்க. என் கால் அந்த ரெண்டாவது பிரேக் பக்கமே போகல."

"வேகறாங்களே பாவம். உள்ளே வந்து உக்காரச் சொல்லுங்க. காவா இருக்கு, பேரீச்சம்பழம் இருக்கு."

"கூப்பிட்டேன். வரமாட்டேங்கறாங்க. கூச்சம் போலிருக்கு."

ஹத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். வாக்குவாதத்தில் விட்ட இடத்தைப் பிடிக்க அவனுக்கு வேறு வழி கிடைத்தது.

"எதுக்குக்கா இவங்களுக்கெல்லாம் இந்த வம்பு? எங்க வீட்டுப் பொம்பளைங்களும் ஆசைப்பட்டாங்க. எங்கே போகணுமோ சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடறேன்னுட்டேன். அதோட பேச்சு முடிஞ்சுது."

"நீங்க வேலையில இருக்கறப்ப போகணும்னா?"

"காத்திருப்பாங்க."

காரிலிருந்து ஹாரன் ஒருமுறை சுருக்கென்று ஒலித்தது.

"பாருங்க, அவசரம்," என்றாள் விஜ்தான். "எனக்கும்தான். இருக்கறது இந்த ஒரு வண்டி. இது நின்னா என்கிட்ட கத்துக்கற அத்தனை பேரும் பாதியில நின்னுடுவாங்க. நான் நிக்க விடமாட்டேன். வாரண்டி கிடையாதுன்னா எழுத்துல கொடுங்க."

"என்னன்னு?"

"பக்கத்து சீட்டு பிரேக்கால ஏ.சி. கெட்டுப்போச்சுன்னு. கீழே உங்க பேரு, கையெழுத்து. நேரா வர்த்தக அமைச்சகத்துக்குக் கொண்டுபோறேன். படிச்சுட்டு முதல்ல சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் உங்களைக் கூப்பிடுவாங்க."

"சார்," என்று யஹ்யா மெல்லக் குனிந்தான், "அப்படி எழுதினா நமக்குத்தான்..."

"நீ சும்மா இரு."

ஹத்தானுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை, அதுவும் தன் கவுன்டரிலேயே, தன் ஆள் முன்னாலேயே சவால் விடுவதா? வாரண்டி படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு பேனாவோடு எழுந்தான்.

"எழுதத்தான் போறேன். அதுக்கு முன்னால அந்த பிரேக்கை என் கண்ணால பார்த்துடறேன்."

"தாராளமா பாருங்க," என்று விஜ்தானும் பின்னாலேயே வந்தாள். "மிதிச்சும் பாருங்க. ஏ.சி. அதுல அலறுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

வெயில் முகத்தில் அறைந்தது. ஹத்தான் டிரைவர் பக்கக் கண்ணாடியைப் பேனாவால் தட்டினான்.

"கொஞ்சம் இறங்குங்கம்மா. வண்டியைப் பார்க்கணும்."

உள்ளே அசைவில்லை. இன்னொரு முறை தட்டினான். ஸ்டீயரிங் மேலிருந்த கை நிதானமாகக் கீழே போனது. கண்ணாடி மெல்ல மெல்ல இறங்கியது.

முகத்திரைக்கு மேலே நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் கண்களில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

ஹத்தானின் கையிலிருந்து பேனா நழுவி விழுந்தது. விஜ்தான் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதை எடுத்து வாரண்டியில கையெழுத்துப் போடுடா ஹத்தான், வியாழக்கிழமை அம்மாவுக்கு டிரைவிங் டெஸ்ட்."