பத்தாவது பாய்

“தனியாச் சொல்லிக் குடுத்தா மூணு மாசம். கூட்டத்துல சேர்ந்தா ஆறு மாசம். எதுன்னு நீயே சொல்லும்மா.”

பஞ்சவர்ணம் யோசிக்கவே இல்லை.

“கூட்டத்துலயே சேர்த்துக்குங்க ஐயா.”

சாமிக்கண்ணுவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சண்டைக் காலம் முழுக்க பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் அடிபட்ட சிப்பாய்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் அவர். போன வருஷம் ஊர் திரும்பியதும் அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு கடலைக் கிடங்கைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமைதோறும் காலையில் பாய் விரித்தார். இடுப்புப் பிடித்தவர்கள், முதுகு ஒடிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

தண்டால், பஸ்கி எதுவும் கிடையாது. எல்லாம் படுத்தபடியேதான். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டும், மூச்சை அளந்து விட வேண்டும், காலை மெல்லத் தூக்கி நிறுத்த வேண்டும். பார்க்கச் சுலபம். செய்தவனுக்குத்தான் தெரியும்.

கம்பை ஊன்றிக் கோணலாக நின்ற அவள் புருஷன் பிச்சைமுத்துவை அவர் ஏற இறங்கப் பார்த்தார். இம்பால் சாலையில் லாரி கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டவன். ஏர் பிடிக்க வேண்டிய வயசு.

“உங்க ஊரு செந்துறைக்கே நான் வரேம்மா. ஒருத்தரையே பார்த்துக்கிட்டு இருந்தா, எங்க தப்புப் பண்றாருன்னு உடனே புடிச்சிடலாம். பத்துப் பேருக்கு நடுவுல அது முடியாது. அவரையும் ஒரு வார்த்தை கேளு.”

“அவருக்கும் அதேதாங்க” என்றாள் அவள், புருஷன் பக்கம் திரும்பாமலே.

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. புருஷனுக்கு அண்ணனான மூத்தார் அவளிடம் நேரே பேசுகிறவர் இல்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, மாட்டிடம் சொல்வது போலச் சொன்னார்.

“மூணு மாசம்னா ஆடிக்கு ஏர் புடிச்சிடுவான். கண்ட ஆளுங்க முன்னால மல்லாந்து கெடக்கவா இவன் பட்டாளத்துக்குப் போனான்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆனாலும் சனிக்கிழமை விடிந்ததும் பஞ்சவர்ணம் புருஷனைக் கைத்தாங்கலாக, பெட்ரோல் பஞ்சத்தில் கரியைக் கொண்டு ஓடிய கரி பஸ்ஸில் ஏற்றினாள். மேட்டில் பஸ் திணறியபோது ஆண்கள் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். பிச்சைமுத்துவை மட்டும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. அது அவளுக்கு வலித்தது.

கிடங்கில் சுவரை ஒட்டிய பத்தாவது பாய் அவனுக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும் என்பது அங்கே சட்டம். எண்ணுகிறவன் மூச்சை அடக்க முடியாது என்பார் சாமிக்கண்ணு. பிச்சைமுத்துவின் முறை வந்தபோது அவன் கூரை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். புது ஆள், கூச்சம் போலிருக்கிறது என்று அடுத்தவரை எண்ணச் சொல்லிவிட்டார். அடுத்த மூன்று வாரமும் அப்படியே கழிந்தது.

கூட வந்த பெண்கள் வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் கதை பேசுவார்கள். பஞ்சவர்ணம் மட்டும் கிடங்கின் பக்கமே காதை வைத்திருப்பாள்.

ஐந்தாவது சனிக்கிழமை எண்ணும் முறை கொளஞ்சிக்கு வந்தது. செட்டிகுளத்தில் கிணறு வெட்டுகிறவன். வாய் ஓயாதவன். பத்துப் பேரும் இரண்டு கால்களையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

“நாலு... அன்னிக்கும் இப்படித்தான் கெணத்துல எறங்குனேனா... அஞ்சு... கவுறு அறுந்து உள்ள வுழுந்தேம் பாரு... அஞ்சு...”

“யோவ், அஞ்சு அப்பவே சொல்லியாச்சு! ஆறுய்யா, ஆறு! காலு போவுது!”

கிடங்கே சிரித்தது.

புங்கமரத்தடியில் பஞ்சவர்ணம் எழுந்து நின்றுவிட்டாள்.

“யாரய்யா அது குறுக்க பேசுறது? எண்ணுறவர் மட்டும்தான் வாயத் தொறக்கணும்” என்று சாமிக்கண்ணு அதட்டுவது கேட்டது.

ஆண்கள் படுத்திருக்கும் இடம் என்பதால் அவள் ஒரு நாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இப்போது ஓடிப்போய் உள்ளே நின்றாள்.

“திட்டாதீங்க ஐயா, எம் புருஷந்தான். பர்மா சண்டையிலேருந்து வந்து பதினாலு மாசமாச்சு. எங்கிட்ட இல்ல, பெத்த புள்ளைகிட்ட இல்ல, ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலைங்க. நாலு பேரு நடுவுல கெடந்தா வாயத் தொறப்பாருன்னுதான் கூட்டத்துல சேத்தேன். இன்னிக்குத்தான் அவரு குரலக் கேக்குறேன்.”

சிரிப்பு அடங்கியது.

சாமிக்கண்ணு அவளைப் பார்த்தார். பத்தாவது பாயைப் பார்த்தார். காலை இறக்கச் சொல்ல மறந்துபோனார்.

கொளஞ்சிதான் முதலில் பேசினான்.

“பட்டாளத்தாரே, எனக்கு எண்ண வராது. மிச்சத்த நீங்க எண்ணுங்க.”

பிச்சைமுத்துவின் உதடு இரண்டு முறை அசைந்தது.

“ஏழு” என்றான்.

அப்புறம் எட்டு. ஒன்பது. பத்து.

பத்து சொன்னதும் காலை இறக்கிவிட வேண்டும். அவன் நிறுத்தவில்லை.

“பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு...”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள் மற்ற ஒன்பது பேரும். ஒருவர் காலும் இறங்கவில்லை.