சென்சாரில் ஒரு பஞ்சிழை

கேமரா கோமதியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது மொட்டைமாடியில். அவள் தலையணைப் பஞ்சை வெயிலில் உதறிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் அவசரத்தில் அங்கேயே லென்ஸை மாற்றி, அவளைப் படமெடுத்தார். உள்ளே புகுந்த ஒரு பஞ்சிழை, படம் பதியும் சென்சாரில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து படத்துக்குப் படம் வானத்தில் ஒரு கறை.

இரண்டு வருஷம் கழித்து அவர் லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"இறங்குடா! ஓசியில குடியிருந்தது போதும்," என்றது தூசி ஊதும் ரப்பர் பந்து.

"அண்ணே, விட்டுடுங்க. அந்தம்மா கையிலேர்ந்து வந்தது இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு," என்று கேமரா கெஞ்சியது.

"இத்தனை நாள் இடம் கொடுத்தியே, அதுவே பெருசு தாயி. இனி வானத்தைச் சுத்தமாப் பாரு," என்றது பஞ்சிழை.

பந்து ஊதியது. பஞ்சிழை அவர் சட்டைக் கையில் போய் ஒட்டிக்கொண்டது.

அடுத்து எடுத்த படத்தின் வானத்தில் கறை இல்லை. கோமதியின் படத்தில், அவள் தலைக்கு மேலே, அது இன்னும் இருக்கிறது.