பெரியம்மாவின் இரவல்

"அந்தத் தார்ப்பாய் மூலையில சிவப்புப் பெயின்ட்ல ‘கி’ன்னு எழுதியிருந்துதா?"

காண்ட்ராக்டர் கிருஷ்ணமூர்த்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார். பரிமாறிக்கொண்டிருந்த செலின் குழம்பு வாளியைக் கீழே வைத்தாள்.

அவள் மாமியார் அன்னம்மாளின் முதலாண்டு நினைவு நாள். காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்து, அந்தமானின் டாலிகஞ்சில் பாதி ஊர் அவள் வீட்டு வாசல் பந்தலில் சாப்பிட உட்கார்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் அன்னம்மாள் பெரியம்மா. எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவள்.

"ஆளுக்கு ஒரு வார்த்தை பெரியம்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து வைத்ததே செலின்தான்.

மீன்பிடிக்கிற அந்தோணிமுத்து முதலில் எழுந்தான். புயலில் கூரை பறந்த அன்று, பெரியம்மா தலையில் தார்ப்பாயைச் சுமந்துகொண்டு வந்த கதையைச் சொன்னான். "இன்னிக்கும் அதுதாங்க எங்க கூரை" என்று முடித்தான். அப்போதுதான் இந்தக் கேள்வி.

"ஆமாங்க, ‘கி’ இருக்கு. கிறிஸ்துன்னு நெனச்சேன்."

"அரே, கிருஷ்ணமூர்த்தி! என் தார்ப்பாய்! கோயில் திருவிழாப் பந்தலுக்குன்னு இரவல் வாங்கிட்டுப் போனாங்க. திருப்பிக் கேட்டா, ‘காத்து தூக்கிட்டுப் போயிட்டுது, இந்நேரம் பர்மாவுல இருக்கும்’னாங்க!"

பந்தி முழுக்கச் சிரித்தது. செலின் சிரிக்கவில்லை.

"பெரியம்மாவைத் தப்பாப் பேசாதீங்க" என்று கோவிந்தராஜ் குறுக்கிட்டார். அவர் அரசாங்க ஆபீஸ் கிளார்க். "என் தோட்டத்துல மான் புகுந்து மேயுதுன்னு சொன்னேன். மறுநாளே வலை கொண்டுவந்து, கூட நின்னு வேலி கட்டிக் கொடுத்தாங்க."

"வலையா? ஓரத்துல பச்சைக் கயிறு இருக்குமா அண்ணே?" என்றான் அந்தோணிமுத்து.

"ஆமா."

"அட மாதாவே, என் வலை! அதை முதலை இழுத்துட்டுப் போயிட்டுதுன்னு சொன்னாங்களே! முதலைக்குப் பயந்து ஒரு மாசம் நான் ஓடைப் பக்கமே போகலையே!"

தையல் வேலை செய்யும் நீலாவதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "நல்லவேளை, எனக்குக் கொடுத்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

கோவிந்தராஜ் மெதுவாகத் திரும்பினார். "பிடியில செப்புக் கம்பி சுத்தியிருக்கா?"

நீலாவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

"என் விளக்கு! ரிப்பேருக்கு மெட்ராஸ் அனுப்பியிருக்கு, கப்பல்ல வந்துடும்னாங்கம்மா! ஒவ்வொரு கப்பலுக்கும் நான் துறைமுக ஜெட்டிக்குப் போய் நிக்கறேன்!"

பந்தலே குலுங்கியது. ஒருவர் மோரை மூக்கால் விட்டார். செலினுக்கே உதட்டோரம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பஸ், போதும்!" என்று அதட்டினார் கிருஷ்ணமூர்த்தி. "சிரிக்கிற விஷயமா இது? ஊர்ச் சாமானை எடுத்து ஊருக்கே தானம் பண்ணிட்டு, தர்மவதின்னு பேரு மட்டும் அவங்களுக்கா? அவங்கவங்க பொருளை அவங்கவங்ககிட்ட திருப்பிக் கொடுத்துடணும். என் தார்ப்பாய் நாளைக்கே வந்தாகணும்."

அந்தோணிமுத்துவின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் அவன் மனைவி கிளாரா வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கேவா? மழைக்காலம் தொடங்கிட்டுதுங்களே..."

"அது உன் பாடு. செலின், நீயே சொல்லு. உங்க அத்தை செஞ்சது நியாயமா?"

செலினுக்குக் கண் கலங்கியது. மெழுகுவர்த்திக்கு நடுவில் படமாக இருந்த அத்தையைப் பார்த்தாள். அத்தையோ எதுவும் தெரியாதவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவங்ககிட்ட ஒரு துரும்புகூட வாங்கினதில்லை. கேக்கற உரிமை எனக்கு இருக்கு" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

"ஏங்க, ஆட்டுப்பால் வாங்கினோமே" என்று அவர் மனைவி ஜெயலட்சுமி முணுமுணுத்தாள்.

"அது அவங்க சொந்த ஆட்டுப் பால். அதுல வேற யாரோட சாமானும் இல்லை."

"ஆடா?" செலினுக்கு வாய் முந்திக்கொண்டது. "நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல ஆடே கிடையாதே!"

எல்லோரும் ஜெயலட்சுமியைப் பார்த்தார்கள்.

"எப்போக்கா அது?" என்று கேட்டாள் கிளாரா.

"எங்க பொண்ணு பிறந்தப்போ. எனக்கு டைபாய்டு ஜுரம். பாலே சுரக்கலை. கப்பல் வராம, ஊர்ல ஒரு பால் டப்பா கிடைக்கலை. பெரியம்மாதான் தினம் காலையில ஆட்டுப்பால் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவாங்க."

கிளாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் ஸ்டெல்லாவும் அப்போ கைக்குழந்தைக்கா. பெரியம்மா தினம் விடியக்காலையில என்கிட்ட வருவாங்க. ‘பாவம், யாருக்கோ கண்வலி. கண்ணுல விடணும். கொஞ்சம் தாய்ப்பால் பீச்சிக் கொடு’ன்னு கேப்பாங்க."

"கண்ணுக்கு ரெண்டு சொட்டு போதுமே?" என்றாள் நீலாவதி.

"அதான் எனக்கும் புரியலை. தினமும் ஒரு டம்ளர் வாங்கிட்டுப் போவாங்க."

பந்தலே திரும்பிப் பார்த்தது. வரிசைக் கடைசியில் கிருஷ்ணமூர்த்தியின் மகள் கொழுகொழுவென்று உட்கார்ந்து, ஸ்டெல்லாவின் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

ஜெயலட்சுமி எழுந்துபோய் கிளாராவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். பிறகு, தலை நிமிராமலே அந்தோணிமுத்துவைக் கேட்டார்:

"ஏன் சகலை, அந்தத் தார்ப்பாய் எங்கேயாச்சும் ஒழுகுதா?"