இன்ஜினுக்குச் சொன்ன விலை

“இன்ஜினை முழுசா இறக்கணும் சார்” என்றார் மெக்கானிக். அடுத்து அவர் சொன்ன தொகைக்கு இதே மாதிரி இன்னொரு பழைய காரையே வாங்கிவிடலாம்.

மாப்பிள்ளைக்கு முகம் மாறிவிட்டது. வண்டி மாமனாருடையது, பேச்சு மட்டும் மாப்பிள்ளையுடையது. அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறவர். ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் நாலு கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அதற்குள் வீடு குப்பையாகிவிட்டிருக்கும்.

“இறக்கற அளவுக்கு என்ன ஆச்சு?”

“பிஸ்டன், ரிங், கிராங்க்... எல்லாமே போயிடுச்சு.”

“எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுங்க.”

மெக்கானிக் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

“மொத்தமாத்தான் சார் சொல்ல முடியும்.”

“அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை” என்றார் மாமனார். “ஆரம்பத்துலேர்ந்து நம்ம வண்டிக்கு அவர்தான் கை வெச்சிருக்கார். இவ்வளவு செலவு வேணாம். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்.”

“அப்புறம் பாப்பாவை யாரு ஸ்கூல்ல விடறது? காலையில நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடறோம். நீங்க இருக்கீங்கன்னுதான் நிம்மதியாப் போறோம்.”

மாமனார் அந்த ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்தார்.

“செலவை நான் பார்த்துக்கறேன் மாமா. ஆனா ஏமாற மாட்டேன்.”

நல்ல மாப்பிள்ளைதான். அதுதான் மாமனாருக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று.

மெக்கானிக் தடுத்தும் கேட்காமல், மாப்பிள்ளை தானே வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். மாமனாரும் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்தவர் பானெட்டைத் தூக்கி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டார். “டேப்பட்தான் கொஞ்சம் சத்தம் போடுது. உக்காருங்க, இப்பவே சரி பண்ணிடலாம்.”

“இன்ஜினை இறக்கணும்னு சொன்னாங்களே?”

“யாரு சொன்னது? இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு.”

மாப்பிள்ளை நேராகப் பழைய ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பி வந்து நின்றார். “வேணாம் மாப்பிள்ளை, விட்டுடுங்க” என்று மாமனார் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

வண்டி விட வந்தவர்கள் சிலர் அங்கே நின்றிருந்தார்கள். அதுவும் மாப்பிள்ளைக்கு வசதியாகிவிட்டது.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. வயசானவர்னு பார்த்துத் தலையில மிளகா அரைக்கிறார் இவர். ஒண்ணுமே ஆகாத இன்ஜினை இறக்கணுமாம். எங்க தெரு குரூப்ல போடறேன். இனிமே ஒருத்தரும் இங்க வண்டி விட மாட்டாங்க. என்ன, பதிலைக் காணோம்?”

மெக்கானிக் கைத்துணியில் விரலைத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தார்.

“தப்புதான் சார். சரியாப் பார்க்கல.”

சர்வீஸுக்குக் கார் கொண்டுவந்திருந்த பெண், “என் சாவியைக் குடுங்க. நான் வேற இடம் பார்த்துக்கறேன்” என்று கையை நீட்டினாள். மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார்.

மாமனாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“சாவியை அவர்கிட்டயே குடும்மா” என்றார். “அவர் மேல தப்பு இல்ல. அந்த விலையைச் சொல்லச் சொன்னது நான்.”

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்களா? எதுக்கு மாமா?”

“இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இடது கண்ணு போயிடுச்சு. முந்தாநாள் பாப்பாவை விட்டுட்டு வரும்போது அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் வந்தது எனக்குத் தெரியவே இல்ல. இந்த வாசல்லதான். அந்த ஆளு நூலிழையில தப்பிச்சார். அப்பவே சாவியை இவர்கிட்ட குடுத்துட்டேன். என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும் இவர்தான். இனிமே நான் வண்டி ஓட்டவே கூடாதாம்.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என் பொண்ணு என்னை வாசப்படி தாண்ட விட மாட்டா. கூடவே இருக்கறேன்னு வேலையையும் விட்டுடுவா. பெரிய தொகையாச் சொன்னா வண்டியே வேணாம்னுடுவீங்க, கண்ணு விஷயத்தை அப்புறம் மெதுவா நானே அவகிட்ட சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நீங்க இவ்வளவு பாசமா விலை விசாரிப்பீங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

மாப்பிள்ளை அசடு வழிய நின்றார். அந்தப் பெண் சாவியைத் திரும்ப மேஜை மேல் வைத்தாள்.

“என்னை மன்னிச்சுடுங்க” என்றார் மாப்பிள்ளை, மெக்கானிக்கிடம். “இத்தனை பேர் முன்னால திட்டினேனே, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“ஐயா சொல்ல வேண்டியதை நான் எப்படி சார் சொல்றது?”

சாயங்காலம் மாப்பிள்ளையை அவர் மனைவி வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “என்னங்க ஆச்சு? அந்த மெக்கானிக்கை நல்லாக் கேட்டீங்களா?”

மாமனார் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

“கேட்டேன். வண்டியை வித்துடலாம். ஆபீஸ்ல நேரத்தை மாத்திக் குடுக்கச் சொல்லியிருக்கேன், இனிமே பாப்பாவை நான் விடறேன்.”

“அப்ப அந்த ஆளு சொன்ன விலை?”

“நியாயமான விலைதான்” என்றார் மாப்பிள்ளை. “ஒத்தைக் காசுகூட அதிகமில்ல.”