பழைய மனுவே இல்லாத அலுவலகம்

"திங்கட்கிழமை காலையில, ஒரு மாசம் தாண்டின மனு ஒண்ணுகூட நம்ம ஆபீஸ்ல இருக்காது" என்றார் புது மேலாளர் க்ளிஃபர்டு.

வெர்னாவுக்குக் காபி மூக்கில் ஏறியது. அவள் வேலை பார்த்த, இலவசச் சக்கர நாற்காலி தரும் அந்த ஒமாஹா நகர அறக்கட்டளையில், ஒரு மனு மேசை மாறுவதற்குள் மேசைக்காரர் பேரன் பேத்தி எடுத்துவிடுவார். தேங்கிக் கிடந்தவை பதினோராயிரம். அவள் கணவன் ஹாலிஸின் மனு பதினான்கு மாதம் ஊர்ந்து, இப்போதுதான் ஏழாவது இடத்துக்கு வந்திருந்தது.

"அது மட்டும் நடந்துச்சுன்னா, இந்தக் காபி மெஷினை முழுங்கிடறேன், க்ளிஃபர்டு."

"கெட்சப் வாங்கி வச்சுக்கங்க."

திங்கட்கிழமை, பெரிய திரையில் 'பழைய மனுக்கள்: பூஜ்யம்' என்றிருந்தது.

"அத்தனை பேருக்கும் நாற்காலி குடுத்துட்டீங்களா?"

"ஒருத்தருக்கும் குடுக்கல. பழசையெல்லாம் மூடிட்டு, நேத்துத் தேதி போட்டுப் புது மனுவா பதிஞ்சுட்டோம். கடைசியா வந்த மனுதான் கட்டுல மேல இருந்துச்சு, அதுலேர்ந்தே வரிசையா பதிஞ்சோம், வேலை சீக்கிரம் முடிஞ்சுது."

வெர்னா கணவனின் பெயரைத் தேடினாள். வரிசை எண் 10,994.

மதியம் ஹாலிஸ் வீட்டுப் படுக்கையிலிருந்து போனில் கூப்பிட்டான். "என்னடி, அந்த ஆளு அளந்தது என்னாச்சு?"

வெர்னா காபி மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிஜமாவே நடந்துடுச்சு, ஹாலிஸ்."