கழற்றச் சொன்ன கேமரா

"எல்லாரும் மாட்டச் சொல்லி வருவாங்க. கழட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்!" என்று சிரித்தான் கீரன்.

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில், வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வீடுகளுக்குக் கண்ணாடியும் கேமராவும் பொருத்தும் பட்டறை அவனுடையது.

வெர்ன் சிரிக்கவில்லை. எழுபது வயது, பல நாளாகத் தூங்காத முகம்.

"நீ மாட்டி மூணு வாரம்கூட ஆகல. கழட்டிடு தம்பி."

"படம் சரியில்லையா?"

"படத்துல ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் என்ன? இவ்வளவு நீள கேரவனை இழுக்கிறீங்க. பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பினா, பின்னால ஒட்டகமே நின்னாலும் தெரியாது."

கீரன் அவருடைய ஜீப்பில் ஏறி ரிவர்ஸ் கியரைப் போட்டான். திரையில் பளிச்சென்று படம் வந்தது. கேரவனுக்குப் பின்னால் வைக்கோல் தொப்பி போட்ட ஓர் அம்மா. வண்டி பின்னால் வரும்போது கேரவன்காரர்களின் மனைவிமார் செய்வதுபோல, இரண்டு கைகளையும் உயர்த்தி 'நிறுத்து' என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"ஜோரா தெரியுதே பெரியவரே! கேமரா வந்த பிறகும் அம்மாவை எதுக்கு வெயில்ல நிக்க வைக்கிறீங்க? உள்ள வந்து டீ குடிக்கச் சொல்லுங்க."

வெர்ன் ஜீப் கதவை இறுகப் பற்றிக்கொண்டார்.

"உனக்கும் தெரியுதா?"

கீரன் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். செம்மண் தரையில் ஈ காக்காகூட இல்லை.

"போன வருஷம் நான் ரிவர்ஸ் எடுத்தப்பவும் என் சம்சாரம் நோரீன் இப்படித்தான் ரெண்டு கையையும் தூக்கியிருப்பா," என்றார் வெர்ன். "அப்ப எங்கிட்ட கேமரா இல்ல."