தோற்றவர் போடும் காப்பி

"இன்னிக்குச் சாப்பாடு வேணாம்" என்று லிப்ட் மெக்கானிக் தட்டைத் தள்ளிவைத்தார்.

கூட வேலை பார்த்தவரின் பிரிவு விருந்தில் குடித்துவிட்டு வந்திருந்தார். நிதானம் தவறவில்லை. முகத்தில் மட்டும் கொஞ்சம் வெட்கம்.

"குடிச்சதும் சாப்பிட்டதும் சேர்ந்து ஏறினா, நாளைக்கும் நான்தான் அடுப்படியில நிக்கணும்."

மனைவி சிரித்தாள். இந்த மட்டுமாவது ரோஷம் வந்ததே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. சாப்பாட்டை மூடிவைத்தாள். ஊசி விஷயத்தில் அவர் எப்போதும் கெட்டி. இன்சுலினைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

இருவருக்கும் சர்க்கரை. ஒரே வருஷத்தில் வந்தது. "இதைவிட என்ன ஜோடிப் பொருத்தம் வேணும்?" என்று டாக்டரிடமே கேட்டவர் அவர்.

பயந்து சாவதைவிட விளையாடிவிடலாம் என்று ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒருவர் விரலை ஒருவர் குத்திப் பார்ப்பது. யாருக்கு எண் அதிகமோ அவர் காப்பி போட வேண்டும்.

போட்டது எப்போதும் அவர்தான்.

ஜெயிப்பதற்கு அவர் செய்யாத தில்லுமுல்லு இல்லை. ஊருக்கெல்லாம் லிப்ட் பழுது பார்க்கிறவர், விடிந்ததும் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி இறங்கிவிட்டு வந்து விரலை நீட்டுவார். டூல்ஸ் பையில் பிஸ்கட் தூள் அகப்பட்டபோது, கிரீஸ் காய்ந்து போயிருக்கிறது என்றார். எண்ணைப் பார்த்தால் மெஷின் மேல் பாய்வார்.

"உங்கப்பா வாங்கிக் கொடுத்த மெஷின்தானே. உன் பக்கம்தான் பேசும்."

காப்பி அவர் கைக்கு அவ்வளவு நன்றாக வரும். அவள் விடாமல் ஜெயித்ததே அதற்காகத்தான்.

மறுநாள் காலை அவர் எழவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குடித்த உடம்பு, வேர்க்கத்தான் செய்யும் என்று மின்விசிறியைக் கூட்டிவைத்தாள். விரலை எடுத்துக் குத்தினாள்.

அவ்வளவு சின்ன எண் அந்த வீட்டில் வந்ததே இல்லை.

"எழுந்திருங்க, ஜெயிச்சுட்டீங்க!" என்று காதருகே குனிந்து சொன்னாள்.

அவர் பாதிக் கண் திறந்தார். உதடு கோணி, சிரித்த மாதிரி இருந்தது.

ஜெயித்தவர் தூங்கட்டும் என்று அடுப்படிக்குப் போனாள். பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் காப்பி தண்ணீராக வந்தது. கொட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

தம்ளரோடு வந்து எழுப்பியபோது அவர் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்த பிறகு, டாக்டர் அவளை உட்காரவைத்து நடந்ததைக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னாள்.

"குடிச்சதுக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டாராம்மா?"

"ஒரு வாய்கூட இல்ல டாக்டர்" என்றாள், அவருக்காகப் பரிந்து பேசுகிறவள் போல.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். குடித்தால் சர்க்கரை ஏறும் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள் என்றார். சாப்பிடாமல் குடித்து, ஊசியும் போட்டுக்கொண்டால், தூக்கத்தில் அது இறங்கிக்கொண்டே போகும். இறங்குகிறபோது சர்க்கரையை எடுத்துக் கொடுக்க வேண்டிய கல்லீரல், குடியைக் கவனிக்கப் போய்விடும்.

"அவர் கண்ணு முழிச்சப்போ வாயில கொஞ்சம் சர்க்கரை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"வீட்டுல சர்க்கரை வாங்குறதே இல்ல டாக்டர்."

அவளுக்கும் இதே நோய் என்பதால், இனி எப்போதும் கைவசம் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அன்றே மகள் அவளுக்காக ஒரு பொட்டலம் வாங்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

அவள் அதை இன்னும் பிரிக்கவில்லை.